மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால்

அம்மாவின் முட்டு (முழங்கால்) எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா தேய்ஞ்சு போச்சும்மா, மாத்திடலாம்" என்றார் டாக்டர். இரண்டு காலையும் அடுத்த வாரமே சேர்த்துச் செய்துவிடலாம், சேர்த்துச் செய்தால் செலவும் குறையும் என்றார். அன்று நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. 22 வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தரையில் உட்கார்ந்து பருப்புக்குத் தோலெடுத்தவர். முட்டுவலி அவருக்குப் புதிதில்லை. ஆனால் "மாத்திடலாம்" என்ற அந்தச் சொல் புதிது.

அதன்பிறகு அம்மாவுக்கு ஒரு காலில் மட்டும், மூன்றரை வருடம் கழித்து, வேறொரு டாக்டரிடம் அறுவை நடந்தது. இடது முட்டு இன்னும் அவருடைய சொந்த முட்டுதான். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதையும், தெரியாமல் செய்த தவறுகளையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அன்று எங்களைப் போலப் பேசாமல் பஸ்ஸில் திரும்பும் ஒருவருக்கு இது உதவ வேண்டும்.

முதலில், அவசரம் இல்லை

மூட்டுத் தேய்மானம் மாரடைப்பு போன்றதல்ல. அடுத்த வாரம் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யோசிக்க, இன்னொரு டாக்டரைப் பார்க்க, உடம்பைத் தயார் செய்ய உங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் உண்டு. அதற்காக வருடக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்து தள்ளிப்போடுவதும் தப்பு. தொடைத் தசை மெலிந்து, முட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போனால் அறுவையும் சிரமம், அதற்குப் பிறகு நடை திரும்புவதும் சிரமம்.

இந்த அறுவையைப் பற்றிய பயத்தில் பாதி, அது என்னவென்று தெரியாததால் வருவது. முட்டை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு இரும்பு முட்டு வைப்பார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்து, அங்கே உலோக உறை போட்டு, இரண்டுக்கும் நடுவில் வழுக்கலான ஒரு பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். பக்கவாட்டுத் தசைநார்களும் தசையும் தோலும் உங்களுடையவைதான். பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல என்று இரண்டாவது டாக்டர் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் தெளிந்தது.

எந்த வாதம் என்று உறுதி செய்யுங்கள்

முட்டுவலி எல்லாமே தேய்மானம் இல்லை. காலையில் எழுந்ததும் அரைமணி, ஒருமணி நேரம் மூட்டுகள் இறுகி, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே தனி, அதை முதலில் அடக்க வேண்டும். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிப்பவர்களும் உண்டு. அந்த வலிக்காக யாரும் மூட்டை மாற்றக்கூடாது. இன்னொன்று, இடுப்பு மூட்டு கெட்டிருந்தாலும் வலி முட்டில் தெரியும். முதுகு நரம்பு அழுந்தினாலும் காலில் வலி இறங்கும். ஆகவே டாக்டர் இடுப்பையும் முதுகையும் தொட்டுப் பார்த்தாரா என்று கவனியுங்கள்.

எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததா என்பதும் முக்கியம். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு இடையில் இடைவெளி இருப்பதுபோல் தெரியும். நிற்கும்போதுதான் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். முற்றிய தேய்மானத்துக்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. நாங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுத்தோம், அதை யாரும் பார்க்கவே இல்லை.

எக்ஸ்ரேயில் நான்காம் நிலை, அதாவது மிக முற்றிய தேய்மானம், என்று எழுதியிருந்தும் சந்தைக்கு நடந்துபோய் வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் நிலையிலேயே இரவெல்லாம் தூங்காதவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே மட்டும் முடிவு சொல்லாது.

இரண்டு வாரம் ஒரு நோட்டு

அப்படியானால் எது சொல்லும்? உங்கள் ஒரு நாள்தான். ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எத்தனை தடவை நின்று நின்று போனீர்கள், இரவில் வலி எழுப்பியதா, எத்தனை மாத்திரை போட்டீர்கள், எந்த வேலையை விட்டீர்கள். அம்மாவின் முதல் நோட்டில் "படி இறங்கக் கஷ்டம்" என்பது மட்டும்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து எழுதிய நோட்டில், "தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகல", "ராத்திரி ரெண்டு மணி, முழிச்சிருக்கேன்" என்று இருந்தது. இந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அறுவைக்கு முன் உண்மையாகச் செய்து பார்க்க வேண்டியவை

"எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு" என்று நாம் சொல்வோம். பண்ணியது பெரும்பாலும் மாத்திரையும் எண்ணெயும்தான். குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காகச் செய்ய வேண்டியது உடற்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, படுத்துக்கொண்டு முட்டு மடக்காமல் காலைத் தூக்குவது, கையூன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். தொடைத் தசை பலமானால் முட்டின் மேல் விழும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. அம்மா இரவுச் சோற்றையும், காலை டீயோடு தின்னும் பழம்பொரியையும் குறைத்து ஏழு மாதத்தில் ஆறு கிலோ இறக்கினார். மீனைக் குறைக்கவில்லை, குறைக்கவும் தேவையில்லை.

ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டு வலித்தால் இடது கையில். அம்மா ஒரு வருடம் மாற்றிப் பிடித்து நடந்தார். பஸ்ஸிலோ படியிலோ ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உட்காருமிடத்தை உயர்த்துங்கள். குத்தவைத்து உட்காருவதும் தரையில் சம்மணம் போடுவதும் நிற்கட்டும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. தினமும் போட்டால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகக் கெடுதலும் வரலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. முட்டில் தடவும் டைக்ளோபினாக் ஜெல் முதலில் முயலத் தக்கது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம் கேட்கும். ஒரு கல்யாணத்தைக் கடக்க அது உதவும். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும், அதனால் தேதியைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தேய்ந்த முட்டைத் துளை போட்டுக் கழுவிவிடலாம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்மானத்துக்கு அதனால் பலன் இல்லை என்று ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்தியரிடம் போகாத முட்டுவலிக்காரர் யாரும் இருக்க முடியாது. கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, வர்ம ஆசான்மார் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்தால் இறுக்கம் தளர்ந்து சுகமாக இருக்கும், அதை நான் குறை சொல்லமாட்டேன். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் மீண்டும் வளராது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியைத் தின்ன வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அறுவை செய்யும் டாக்டரிடம் கஷாயம், லேகியம் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாங்கள் சங்கடப்பட்டு மறைத்தோம், மயக்க மருந்து டாக்டர் கேட்டபோதுதான் வாய் திறந்தோம்.

சரி, எப்போது மாற்றலாம்?

மேலே சொன்னதை உண்மையாகச் செய்தும் வலி இரவில் எழுப்புகிறது, வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம், மாத்திரை கேட்கவில்லை, கால் வளைந்துகொண்டே போகிறது. இப்படி இருந்தால் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வயது 75 ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் பார்ப்பார்கள். மாறாக 50 வயதுக்காரர் கொஞ்சம் பொறுக்கலாம். செயற்கை மூட்டுகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஆனால் சின்ன வயதில் போட்டால் ஓட்டமும் உழைப்பும் அதிகம், ஆயுளும் நீளம். இரண்டாம் தடவை மாற்றுவது முதல் தடவையைவிடக் கடினமான அறுவை. இளையவருக்கு உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எலும்பை நிமிர்த்தும் அறுவையோ, பாதி மூட்டு மாற்றோ போதுமா என்று கேளுங்கள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைக்க வேண்டும். வலி பெரிய அளவில் போகும். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் இருவர், எல்லாம் சரியாக நடந்தும் திருப்தி இல்லை என்கிறார்கள். கிருமித் தொற்று நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். காலில் ரத்தம் கட்டுவதும் உண்டு. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருக்கும், நடக்கும்போது சிலசமயம் டக் என்று சத்தம் கேட்கும். இவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் முன்னமே தெரியாவிட்டால் பயமாக இருக்கும்.

உங்கள் கேள்விகளை உங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள். சர்ச் பூசையில் முழங்காலில் நிற்க முடியுமா? தொழுகையில் நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்ய முடியுமா? ரப்பர் வெட்டப் போகலாமா? மாடு கறக்கக் குத்தவைக்கலாமா? சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை சிவன் கோயில்களுக்கு ஓடிப்போகும் சிவாலய ஓட்டம் போகலாமா? பொதுவான பதில் இது: முழங்காலில் நிற்பதால் மூட்டு உடைந்துவிடாது, ஆனால் பலருக்கு அது சங்கடமாகவே இருக்கும், நாற்காலியில் இருந்து தொழுவது நல்லது. குத்தவைப்பது பெரும்பாலும் முடியாது. சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், ஓட வேண்டாம். ஈரச் சரிவில் ரப்பர் மரங்களுக்கிடையே ஏறி இறங்குவதை உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

இரண்டு காலும் ஒரே நேரத்திலா என்பது அடுத்தது. ஒரே மயக்கம், ஒரே ஆஸ்பத்திரி வாசம் என்பது லாபம். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும், ஊன்றுவதற்கு நல்ல கால் ஒன்றும் இருக்காது. இதயக் கோளாறு உள்ளவர்கள், 70 கடந்தவர்கள் சில மாத இடைவெளி விட்டுச் செய்வதே என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. அம்மாவுக்கு வலது காலைச் செய்தபின், சுமை ஒழுங்காகப் பிரிந்ததால் இடது முட்டே பரவாயில்லை என்றானது.

எங்கே செய்வது, எவ்வளவு ஆகும்

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு, மூட்டுப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே ஒரு தடவை காட்டுங்கள், தனியாரிடம் செய்வதாக இருந்தாலும் சரி. அறுவையால் லாபம் எதுவும் இல்லாத ஒருவரின் கருத்து கிடைக்கும். குலசேகரத்திலும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி உண்டு. விளவங்கோடு, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரம் போவது வழக்கம். போகலாம், ஆனால் தையல் பிரிக்க, ஆறு வாரத்தில் காட்ட, ஏதாவது என்றால் நடு இரவில் ஓட என்று எல்லாவற்றுக்கும் அந்த ரோட்டில் மடக்க முடியாத காலோடு போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நம் மாநிலக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் மூட்டு மாற்றுக்கு அனுமதி உண்டு என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அறுவைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், செய்துவிட்டுப் பிறகு பணம் கேட்க முடியாது. ஓய்வூதியக்காரர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது.

தனியாரிடம் என்றால் செலவைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூட்டு, அறை, மருந்து, பிசியோ, ரத்தம், கூடுதலாக ஒரு நாள் தங்கினால் எவ்வளவு என்று தனித்தனியாக. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு போட்டது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிய கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வந்தது. டைட்டானியம் வகைக்கு 76,600. பிறகு அவ்வப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் வரம்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தால் கேட்க வாய் வரும். "தங்க நிற மூட்டு", "வெளிநாட்டு மூட்டு" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். ரோபோ அறுவையும் அப்படித்தான். வெட்டு துல்லியமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் அதை வைத்து மட்டும் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாக்டர் வருடத்தில் எத்தனை முட்டு மாற்றுகிறார், தொற்று வந்தால் யார் பார்ப்பார் என்று நேராகக் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவர் கையில் காலைக் கொடுக்கலாம்.

உடம்பையும் வீட்டையும் தயார் செய்வது

தேதி குறித்தபின் ஆறு வாரமாவது வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைக்குக் கீழே வர வேண்டும். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். சொத்தைப் பல், மூத்திரக் கடுப்பு, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், ஆறாத காயம் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. அங்கிருந்து கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போகும். பீடி, சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. மயக்கம் கொடுக்கும் முன் கழுத்து எக்ஸ்ரேயும் அவர்களுக்கு வேண்டியிருக்கும்.

வீட்டில் முதல் வேலை கக்கூஸ். வெஸ்டர்ன் இல்லாவிட்டால் அறுவைக்கு முன்பே போட்டுவிடுங்கள், அதன் உயரமும் நாற்காலி அளவுக்கு இருக்கட்டும். பக்கச் சுவரில் பிடி வைக்க வேண்டும். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை முற்றம் பாசி பிடித்தே கிடக்கும். அம்மாவுக்கு நாங்கள் ஜனவரியில் செய்ததற்கு அதுதான் காரணம். தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள், கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே வாக்கர் போக இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

அதன்பிறகு

ஆஸ்பத்திரியில் நடப்பது சீக்கிரம் முடிந்துவிடும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள், ஒன்றரை மணி நேரம், அன்றோ மறுநாளோ வாக்கரில் நிற்க வைத்துவிடுவார்கள். சில நாளில் வீடு. உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அம்மா வலிக்கிறது என்றதும் முட்டுக்கு அடியில் தலையணை வைத்தேன். இரண்டு வாரம் அப்படியே இருந்தது. முட்டு முழுதாக நீளாமல் லேசாக மடங்கியே இறுகத் தொடங்கியது, அதை நிமிர்த்தப் பிசியோதெரபி செய்யும் தங்கை ஒரு மாதம் பாடுபட்டாள். அம்மா அழுத அழுகை எனக்கு மறக்காது. தலையணை வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். நடப்பதற்கு நீட்டம்தான் முதலில் வேண்டும், மடக்கம் மெல்ல வரும்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால் நன்றாகச் செய்ய முடியும். ஐஸ் ஒத்தடம் உதவும். தையல் பிரிப்பது பத்திலிருந்து பதினான்கு நாளில். வாக்கரில் இருந்து ஊன்றுகோலுக்கு மாற மூன்று நான்கு வாரம், ஸ்கூட்டர் ஓட்ட ஆறு வாரத்துக்கு மேல். வீக்கமும் சூடும் மூன்று மாதம்கூட இருக்கும். பார்க்க வருகிறவர்கள் "என் மச்சினி பத்தே நாளில் நடந்தாள்" என்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், புண்ணில் நீர் வடிந்தால், குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். புண் சிவந்திருக்கிறது என்று பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக்கூடாது. உள்ளே உள்ள தொற்றை அது மறைத்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, வைத்த மூட்டின் கம்பெனி, அளவு, எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய தாளைக் கேட்டு வாங்குங்கள். பல வருடம் கழித்து ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் தாள்தான் உதவும். பல் பிடுங்கப் போனாலும் வேறு அறுவைக்குப் போனாலும் காட்டுங்கள். அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.